வயசானவங்களுக்கு உடம்பு சுடலையா? அதை வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க

"நெத்தியில கை வச்சுப் பார்த்தேன், சுடல, ஜுரம்லாம் ஒண்ணுமில்ல." வயசானவங்க இருக்குற வீட்ல நடக்குற பெரிய தப்பு இதுதாங்க. கடுமையான இன்ஃபெக்‌ஷன் வந்த முதியவங்கள்ல 20லேர்ந்து 30 சதவீதம் பேருக்கு ஜுரம் லேசாதான் வரும், இல்லாட்டி வரவே வராது. நிமோனியாவே இருந்தாலும் சரி.

ஏன்னா ஜுரத்தை உண்டாக்குறது கிருமி இல்ல, நம்ம மூளை. கிருமி உள்ள வந்ததும் நோய் எதிர்ப்பு செல்கள் சைட்டோகைன்னு சில பொருட்களை விடும், அதனால புரோஸ்டாகிளாண்டின் ஈ2ங்குற ரசாயனம் உருவாகி, மூளையில இருக்குற ஹைப்போதலாமஸ்கிட்ட சூட்டை ஏத்தச் சொல்லும், உடனே தோல்ல ரத்தக்குழாய் சுருங்கும், குளிர் நடுக்கம் வரும், உடம்பு சூடாகும். வயசாக ஆக இதுல பல கட்டங்கள் மந்தமாயிடுது. வயசான எலிகள்ல செஞ்ச சோதனைகள்ல, ஜுரத்தைத் தூண்டுற பொருளை உடம்புல ஊசியா போட்டப்ப ஜுரம் சரியா வரல, ஆனா அதே மாதிரி பொருளை நேரா மூளைக்குள்ள செலுத்தினப்ப நல்லாவே வந்துச்சு, அதாவது மூளைக்குச் சேதி போய்ச் சேர்றதுலயே கோளாறு இருக்கலாம். அதோட நடுங்கி சூடு உண்டாக்க வேண்டிய தசையும் வயசானா குறைஞ்சிடுது.

அடுத்த தப்பு, எல்லாருக்கும் 98.6தான் நார்மல்னு நினைக்கிறது. பல முதியவங்களுக்கு சாதாரணமாவே 97 பக்கம்தான் இருக்கும், அவங்களுக்கு 99.2 காட்டினா அது 2 டிகிரிக்கு மேல ஏறியிருக்குனு அர்த்தம், டாக்டர்கள் அதை ஜுரமாவேதான் எடுத்துப்பாங்க. அதனால நல்லா இருக்குறப்பவே சில நாள் அளந்து எழுதி வச்சுடுங்க, ப்ளீஸ். அக்குள்ல வச்சா கம்மியா காட்டும், சூடா காபி குடிச்ச உடனே வாய்ல வச்சா கூடுதலா காட்டும், இதையும் பார்த்துக்கோங்க.

முட்டி வலிக்குன்னு தினம் பாராசிட்டமால் போடுறவங்க, ஸ்டீராய்டு எடுக்குறவங்க, இவங்களுக்கு வர்ற கொஞ்ச சூடும் அமுங்கிடும். மாத்திரை போட்டுட்டு அளந்து பார்த்து நார்மல்னு நிம்மதியாகக் கூடாது.

எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் எதுன்னா, நேத்து வரைக்கும் தெளிவா பேசினவங்க இன்னிக்கு திடீர்னு குழம்புறாங்க, சாப்பாடு வேணாங்குறாங்க, தடுக்கி விழுறாங்க, படுக்கையிலயே யூரின் போயிடுறாங்க, அதை "வயசாயிடுச்சுல்ல"ன்னு விட்டுடுறோம். வயசு ஒரே ராத்திரியில இப்படி மாத்தாதுங்க. நிமிஷத்துக்கு 25 தடவைக்கு மேல மூச்சு வாங்கினாலோ, உடம்பு வழக்கத்தை விட சில்லுனு ஆகி ஆள் சோர்ந்து கிடந்தாலோ காத்திருக்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போங்க.

அங்க போயும் "ஜுரம் இல்ல டாக்டர்"னு மட்டும் சொல்லிடாதீங்க. வழக்கமா எவ்ளோ இருக்கும், இன்னிக்கு எவ்ளோ, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு போட்டாங்க, எப்பலேர்ந்து ஆள் மாறியிருக்காங்க, இது நாலையும் சொல்லுங்க.