வெளிநாட்டுக்கு முதல் பெட்டி அனுப்பறதுக்கு முன்னாடி பிராண்டு பேரை உங்க பேர்ல பதிஞ்சிடுங்க

எங்க சித்தப்பாவுக்கு ஈரோட்டுல மசாலாப் பொடி பிசினஸ். துபாய்ல ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் கிடைச்சு மூணு வருஷம் நல்லா போச்சு, அப்புறம் பேமெண்ட்ல தகராறு வந்து வேற ஆளுக்கு மாத்தினாரு. மாத்தின ரெண்டாவது மாசமே பழைய ஆள் ஒரு சர்டிபிகேட்டை எடுத்து நீட்டினாரு, பிராண்டு பேரு அங்க அவரு பேர்ல ரிஜிஸ்டர் ஆகியிருக்கு. இந்தியாவுல பதிவு இருந்தும் ஒண்ணும் செய்ய முடியல. புதுப் பேரு ஒண்ணு போட்டு அனுப்ப வேண்டிய நிலைமை. பிரிண்ட் பண்ணி வச்சிருந்த பவுச் எல்லாத்துலயும் பழைய பேரு மேல ஸ்டிக்கர் ஒட்ட நாங்க ஆறு பேரு குடோன்ல ராத்திரி பூரா உக்காந்திருந்தோம், பளபளப்பான பவுச்ல ஸ்டிக்கர் நிக்காம ஓரம் தூக்கிக்கிட்டு அடியில பழைய பேரு எட்டிப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அது இன்னும் கண்ணுல நிக்குது, அதனாலதான் இவ்ளோ விவரமா எழுதறேன்.

முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது, டிரேட்மார்க் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி. சென்னையில வாங்கின பதிவு சிங்கப்பூர்ல செல்லாது. உலகம் பூரா செல்லற ஒரே பதிவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, அப்படி யாராவது வித்தா நம்பாதீங்க.

பேரு தேர்ந்தெடுக்கும்போதே வெளிநாட்டை மனசுல வச்சுக்கங்க. "செட்டிநாடு மசாலா"ன்னு பொருளையும் ஊரையும் மட்டும் சொல்ற பேரை யாரும் தனியா சொந்தம் கொண்டாட முடியாது. சாமி பேரும் கஷ்டம்தான், மலேசியாவுலயும் சிங்கப்பூர்லயும் ரெண்டு மூணு தலைமுறையா தமிழ்க் கடைகள் இருக்கு, லட்சுமியும் முருகனும் உங்களுக்கு முன்னாடியே அங்க போயிருப்பாங்க. வைப்போன்னு சொல்ற உலக அறிவுசார் சொத்து நிறுவனத்தோட குளோபல் பிராண்ட் டேட்டாபேஸ்ல இலவசமா தேடலாம், ஐரோப்பாவுக்கு டிஎம்வியூன்னு இதே மாதிரி தேடற சைட் இருக்கு. ஒரே ஸ்பெல்லிங்கை மட்டும் தேடிட்டு நிறுத்தாதீங்க, காதுக்கு ஒரே மாதிரி கேக்கற எல்லாத்தையும் போட்டுப் பாருங்க. இதைப் பாக்காம போனா பெரிய கம்பெனிக்கும் அடிதான். பர்கர் கிங் ஆஸ்திரேலியாவுக்குப் போனப்ப அந்தப் பேரை அடிலெய்டுல ஒரு சின்னக் கடை ஏற்கனவே வச்சிருந்துச்சு, இன்னைக்கும் அங்க ஹங்ரி ஜாக்ஸ்ங்கற பேர்லதான் கடை நடக்குது.

அடுத்து இந்தியாவுல அப்ளிகேஷன். படிவம் டிஎம்-ஏ, ஆன்லைன்ல போட்டா தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம்னா ஒரு கிளாஸுக்கு, அதாவது ஒரு பொருள் வகைக்கு, 4,500 ரூபாய், மத்தவங்களுக்கு 9,000. சிறு நிறுவனச் சலுகைக்கு உத்யம்ங்கற சிறு தொழில் பதிவு சர்டிபிகேட் கைல வச்சுக்கங்க. கிளாஸ் மொத்தம் 45. மசாலா, காபி, டீ, மாவு எல்லாம் 30, ஆனா எண்ணெய், நெய், ஊறுகாய் 29, துணிமணி 25, ஹோட்டல் 43. பொடியும் ஊறுகாயும் ஒரே பேர்ல விக்கறவங்க 30 மட்டும் போட்டுட்டு விட்டா ஊறுகாய்க்குப் பாதுகாப்பு அரைகுறைதான்.

இங்க ரெண்டு விஷயத்துல கவனமா இருங்க, ஏன்னா பின்னாடி வெளிநாட்டு அப்ளிகேஷன் இந்த இந்திய அப்ளிகேஷன் மேலதான் நிக்கப் போகுது. ஒண்ணு, உரிமையாளர் பேரு. அப்பா பேர்ல இந்தியப் பதிவு, பையனோட பிரைவேட் லிமிடெட் பேர்ல எக்ஸ்போர்ட்னு இருந்தா, ஒரே அப்ளிகேஷன்ல பல நாட்டுக்குப் போடற மாட்ரிட் வழியில போக முடியாது, ரெண்டுலயும் ஒரே ஆள் இருக்கணும். ரெண்டு, மார்க்கும் அச்சு அசலா ஒண்ணாவே இருக்கணும். கலர் லோகோ, சாமி படம், பேரு எல்லாத்தையும் ஒரே படமா போட்டுட்டா அதே படம்தான் எல்லா நாட்டுக்கும் போகும், நாளைக்கு டிசைன் மாத்தினா சிக்கல். வெறும் எழுத்தை வேர்டு மார்க்கா தனியா போடுங்க, லோகோ வேணும்னா இன்னொரு அப்ளிகேஷன். தமிழ் எழுத்துலயும் ஆங்கில எழுத்துலயும் தனித்தனியா போட்டா ரொம்ப நல்லது, கோலாலம்பூர்ல பொட்டலத்தைத் தமிழ்ல படிச்சு வாங்கறவங்க நிறைய பேர் இருக்காங்க.

இந்தியாவுல போட்ட நாள்ல இருந்து 6 மாசம் ரொம்ப முக்கியமான காலம். அதுக்குள்ள வெளிநாட்டுல போட்டீங்கன்னா பாரிஸ் ஒப்பந்தப்படி உங்க இந்தியத் தேதியே அங்கயும் கணக்கு, நடுவுல வேற யாராவது போட்டிருந்தாலும் நீங்கதான் முன்னாடி. சித்தப்பா இதைத் தெரிஞ்சு வச்சிருந்தா அந்த ராத்திரி ஸ்டிக்கர் ஒட்டற வேலையே இருந்திருக்காது.

வெளிநாட்டுக்கு ரெண்டு வழி. ஒவ்வொரு நாட்டுலயும் லோக்கல் வக்கீல் வச்சு நேரடியா போடறது ஒண்ணு, மாட்ரிட் முறை இன்னொண்ணு. இந்தியா 2013 ஜூலை 8-ல இருந்து மாட்ரிட்ல இருக்கு. எம்எம்2 படிவம், இந்திய அலுவலகம் வழியா ஜெனீவாவுல இருக்கற வைப்போவுக்குப் போகும், கருப்பு வெள்ளை மார்க்குக்கு அடிப்படைக் கட்டணம் 653 சுவிஸ் பிராங்க், கலர்னா 903, அதுக்கு மேல நாட்டுக்கு நாடு தனிக் கட்டணம், வைப்போ சைட்ல கால்குலேட்டர் இருக்கு, போட்டுப் பாத்துட்டே முடிவு பண்ணலாம். ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி 12 மாசமோ 18 மாசமோ பாத்துட்டு சரின்னோ முடியாதுன்னோ சொல்லும். ஆட்சேபம் வந்தா மட்டும்தான் பெரும்பாலும் அந்த நாட்டு வக்கீல் தேவைப்படும், அதனால மூணு நாலு நாடுன்னா மாட்ரிட் லாபம். ஒரே ஒரு நாடுதான்னா நேரடியா போடறதே எனக்குச் சரின்னு படுது.

மாட்ரிட்ல ஒரு ஆபத்தும் இருக்கு. முதல் 5 வருஷம் உங்க சர்வதேசப் பதிவு இந்திய அப்ளிகேஷனைப் பிடிச்சுத்தான் தொங்குது. இங்க யாராவது எதிர்த்து அது விழுந்துட்டா அங்க எல்லா நாட்டுலயும் விழும். விழுந்தா 3 மாசத்துக்குள்ள நாட்டுக்கு நாடு தனி அப்ளிகேஷனா மாத்திக்கலாம், ஆனா மறுபடி செலவு. இந்தியாவுல ஆட்சேபம் வர வாய்ப்பு இருக்கற பேருன்னா நேரடி வழியே போங்க.

எந்த நாடு உள்ள இருக்குன்னும் பாத்துக்கங்க. சிங்கப்பூர், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா இருக்கு, மலேசியா 2019 கடைசியிலயும், அமீரகம் 2021 கடைசியிலயும்தான் சேந்துச்சு. சவுதி, குவைத்துக்கு நேரடியா போடணும். வளைகுடா நாடுகளுக்குள்ள பொதுவான டிரேட்மார்க் சட்டம் இருக்குன்னதும் ஒரே பதிவு போதும்னு நெனைக்கறாங்க, அது தப்பு, பதிவு நாட்டுக்கு ஒண்ணு. ஐரோப்பிய யூனியன் மட்டும் வேற மாதிரி, ஒரே பதிவு 27 நாட்டுக்கும் செல்லும், ஆனா பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் லண்டனுக்குத் தனியா போடணும். சீனாவுல யாரு முதல்ல போட்டாங்களோ அவங்களுக்குத்தான் முன்னுரிமை, அங்க நீங்க எதுவும் விக்கலைன்னாலும் சரக்கு அங்க தயாராகுதுன்னா போட்டு வைங்க. அங்க ஐபேட் பேருக்காக ஆப்பிள் 2012-ல ஒரு கம்பெனிக்கு 6 கோடி டாலர் கொடுத்துச்சு.

டிஸ்ட்ரிபியூட்டர் அக்ரிமெண்ட்ல ஒரு வரி கட்டாயம் வேணும்: பேரு, லோகோ, டொமைன், சோஷியல் மீடியா பக்கம் எல்லாம் எங்களுக்குச் சொந்தம், நீங்க எங்கயும் உங்க பேர்ல பதிய மாட்டீங்க, பதிஞ்சிருந்தா இலவசமா மாத்தித் தருவீங்க. "நம்ம ஊர்க்காரர்தானே, சொந்தக்காரர் மாதிரி"ன்னு விட்டுடாதீங்க.

பவுச்ல வட்டத்துக்குள்ள ஆர் போடறது பதிவு ஆன நாட்டுக்கு மட்டும். பதிவாகாம போட்டா இந்தியாவுலயே குற்றம். பல நாட்டுக்கு ஒரே பவுச்னா டிஎம்னு போட்டுக்கங்க.

யாராவது உங்க பேருக்கு அப்ளிகேஷன் போட்டா எதிர்க்கறதுக்கு டைம் கம்மி. இந்தியாவுல 4 மாசம், ஐரோப்பாவுல 3, சிங்கப்பூர்ல 2, அமெரிக்காவுல வெறும் 30 நாள். அதனால மாசத்துக்கு ஒருதடவையாவது டேட்டாபேஸ்ல உங்க பேரைத் தேடுங்க. பதிவு ஆனதும் "உடனே பணம் கட்டு"ன்னு அரசாங்க லெட்டர் மாதிரியே போலி பில் வரும், வைப்போவே இதைப் பத்தி எச்சரிக்குது, உங்க ஏஜெண்டைக் கேக்காம காசு கட்டாதீங்க.

ஒவ்வொரு ஷிப்மெண்டோட இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங்ங்கற கப்பல் சரக்கு ரசீது, கடை ஷெல்ஃப் போட்டோ எல்லாம் தேதியோட சேத்து வைங்க. பயன்படுத்தாம விட்டா பதிவு ரத்தாகலாம், மலேசியாவுல 3 வருஷம், அமீரகத்துல தொடர்ந்து 5 வருஷம். சித்தப்பாவுக்கு இப்ப இருக்கற நம்பிக்கையே இதுதான். தகராறுக்கு அப்புறம் அந்தப் பழைய ஆள் அந்தப் பேர்ல ஒரு பாக்கெட்கூட விக்கல. துபாய் வக்கீல் சொல்லி, அங்க இருக்கற எங்க ஊர்ப் பசங்க மூணு மாசத்துக்கு ஒருதடவை கடை கடையா போய் ஷெல்ஃப் போட்டோ எடுத்துத் தேதியோட அனுப்பிக்கிட்டு இருக்காங்க, அடுத்த வருஷம் அஞ்சு முடியுது.