பழைய கேஸ் இருந்தால் கனடியக் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

பொலிஸ் ஒருமுறை சார்ஜ் பண்ணிவிட்டதால் சிட்டிசன்ஷிப்பே கிடைக்காது என்று பயந்து, பி.ஆர். (நிரந்தர வதிவிட) அட்டையைப் புதுப்பித்தபடியே காலம் தள்ளுபவர்கள் பலர். சார்ஜ் விழுந்ததைவிட அது எப்படி முடிந்தது என்பதே முக்கியம்.

ஆகவே முதலில் நீதிமன்றப் பதிவகத்தில் 'இன்ஃபர்மேஷன்' எனப்படும் குற்றச்சாட்டுப் பத்திரத்தின் சான்றுறுதிப் பிரதியை எடுங்கள். ஸ்காபரோ எக்ளின்டன் வீதி நீதிமன்றத்தில் நடந்த பழைய வழக்கென்றால், 2023இல் அது ரொறன்ரோ, 10 ஆர்மரி வீதிக்கு மாறிவிட்டது, அங்கே விசாரியுங்கள். பத்திரத்தில் கையால் கிறுக்கிய குறிப்புகளைப் பொறுமையாக வாசியுங்கள். கிரவுன் (அரச வழக்குத்தொடுநர்) வழக்கை எந்த வகையில் நடத்தினார், என்ன தீர்ப்பு, எத்தனை மாதப் புரொபேஷன் (நன்னடத்தைக் கண்காணிப்பு) எல்லாம் அதில்தான் இருக்கும்.

சார்ஜ் மீளப்பெறப்பட்டிருந்தால், ஒழுங்காக நடப்பேன் என்று நீதிமன்றத்துக்கு எழுதிக்கொடுக்கும் பீஸ் பாண்டோடு முடிந்திருந்தாலும், தடையில்லை. சாதாரண தாக்குதல் வழக்கைக் கிரவுன் 'சமரி'யாகவும் (சிறு குற்றம்) நடத்தலாம், 'இன்டைட்டபிள்' (பாரிய குற்றம்) ஆகவும் நடத்தலாம். இன்டைட்டபிளாக நடத்திக் குற்றவாளி என்று தீர்ப்பாகியிருந்தால், அன்றிலிருந்து 4 வருடம் கழியவேண்டும். வழக்கு இன்னும் நடக்கிறதென்றால் முடியும்வரை பொறுங்கள்.

அதிகமானோர் சறுக்குவது நாள் கணக்கில். புரொபேஷன் ஓடும்போது குடியுரிமை தரமாட்டார்கள். அது முடிந்தபிறகும் அந்த நாட்கள், குடியுரிமைக்காகக் கனடாவில் இருந்திருக்கவேண்டிய 1,095 நாளில் சேராது. 12 மாதப் புரொபேஷன் என்றால் 365 நாளைக் கழித்துவிட்டுத்தான் எண்ணவேண்டும். 'கண்டிஷனல் டிஸ்சார்ஜ்' (குற்றத்தீர்ப்புப் பதியாமல் நிபந்தனையோடு விடுவிப்பது) கிடைத்து, நிபந்தனை எதையும் மீறாமல் முடித்தவர்களுக்கு மட்டும் அந்த நாட்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

குடித்துவிட்டு வாகனம் ஓட்டிய வழக்கு 2018 டிசம்பர் 18க்குப் பிந்தியதென்றால், விண்ணப்பத்தில் கைவைக்கமுன் குடிவரவுச் சட்டத்தரணியைப் பாருங்கள். அதன் உச்சத் தண்டனை 10 வருடமாக உயர்ந்ததால், வெறும் அபராதத்தோடு முடிந்திருந்தாலும் குடிவரவுச் சட்டத்தில் அது பாரதூரமான குற்றம். விண்ணப்பித்ததும் கோப்பைத் திறப்பார்கள், பி.ஆரே பறிபோகலாம்.

படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள், வெளிநாட்டு வழக்கானாலும் சரி. கைரேகை கேட்டால் எல்லாம் வெளிவரும்; பொய் சொன்னது பிடிபட்டால் 5 வருடம் விண்ணப்பிக்க முடியாது. சத்தியப்பிரமாணம் எடுக்கும் நாள்வரை புதிதாக ஏதும் சார்ஜ் விழுந்தால், அதையும் உடனே எழுத்தில் அறிவியுங்கள்.