ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பின் மசித்த உணவு: ஒரு நாளில் 60 கிராம் புரதம் சேர்ப்பது எப்படி?

ஸ்லீவ் ஆபரேஷன் (உடல் எடையைக் குறைக்க வயிற்றின் பெரும்பகுதியை வெட்டி நீக்குவது) முடிந்த மூன்றாவது வாரம் வாக்கில், நீராகாரத்திலிருந்து மசித்த உணவுக்கு மாறச் சொல்வார்கள். டயட் சார்ட்டில் பெரும்பாலும் 'தினமும் 60 முதல் 80 கிராம் புரதம்' என்று இருக்கும். வயிறோ ஒரு வேளைக்கு 100 மி.லி. ஏற்றால் பெரிது. முதல் சில நாள் நாலு டேபிள்ஸ்பூனே நெஞ்சை அடைக்கும். ஆறு வேளை சாப்பிட்டாலும் மொத்தம் 600 மி.லி.யைத் தாண்டாது. ஆகவே 100 மி.லி.க்கு 10 கிராம் புரதம் என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். (சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு, டாக்டர் சொல்வதுதான்.)

இந்த அளவுகோலில் முதலில் தோற்பது கஞ்சி. அரிசிக் கஞ்சி 100 மி.லி.யில் 1 கிராம் புரதம் தேறுவதே கடினம். பருப்புத் தண்ணீரும் அப்படித்தான். சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். புரதம் பெரும்பாலும் அடியில் தங்கிய பருப்பில்தான் இருக்கிறது. 30 கிராம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கெட்டியாகவே மசித்தால் ஒரு வேளைக்கு 7 கிராம் கிடைக்கும். அதில் 25 கிராம் பனீரைச் சேர்த்து அரைத்தால் 11 தாண்டும்.

கருவிகள்

மிக்ஸியின் சட்னி ஜார், கிராம் காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு, நெருக்கமான கண்ணுள்ள ஸ்டீல் வடிகட்டி. ஹேண்ட் பிளெண்டர் பருப்புக்குப் போதும். கோழியின் நாரை அது விட்டுவிடும், அதற்கென்று வாங்காதீர்கள்.

முட்டை

1 முழு முட்டை, 1 வெள்ளைக்கரு, 2 டேபிள்ஸ்பூன் பால், சிட்டிகை உப்பு. அடித்து, கிண்ணத்தில் ஊற்றி மூடி, இட்லிப் பானையில் சிறு தீயில் 8 முதல் 10 நிமிடம். நடுப்பகுதி லேசாக ஆடும்போதே இறக்கிவிடுங்கள். சுமார் 10 கிராம். ஆம்லெட்டும் பொடிமாஸும் இப்போது வேண்டாம்; ரப்பர் போலாகித் தொண்டைக்குக் கீழே நின்றுவிடும்.

கோழி: எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்

தோல் நீக்கிய எலும்பில்லாத தொடைக்கறி 150 கிராம் எடுங்கள். நெஞ்சுக்கறியில் புரதம் கூடுதல்தான், ஆனால் அரைத்ததும் மரத்தூள் மாதிரி உலர்ந்துவிடும். 200 மி.லி. தண்ணீர், இஞ்சி, மிளகு, உப்பு சேர்த்து குக்கரில் 5, 6 விசில். வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள்.

சூடு ஆறுவதற்குள் அரைக்க வேண்டும். ஆறிய கறி இறுகி, எவ்வளவு சுற்றினாலும் குருணையாகவே நிற்கும். ஆவி அடங்கி வெதுவெதுப்பாக இருக்கும்போது சட்னி ஜாரில் போட்டு, முதலில் தண்ணீர் விடாமல் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். ஆரம்பத்திலேயே தண்ணீர் விட்டால் நார் மிதந்து பிளேடில் சிக்காமல் தப்பிவிடும். உதிரியானதும் வேகவைத்த தண்ணீரை ஒவ்வொரு ஸ்பூனாக, 5, 6 டேபிள்ஸ்பூன் வரை விடுங்கள். கடைசியில் ஒரு ஸ்பூன் கெட்டித் தயிர் சேர்த்தால் வழுவழுப்பு வரும். பெரிய ஜாரில் இந்த அளவு கறி பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிளேடு வெறுமனே சுற்றும்.

பிறகு வடிகட்டியில் ஸ்பூனின் முதுகால் அழுத்தித் தேய்த்து இறக்குங்கள். ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தால் நூல் மாதிரி எதுவும் தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டால் திரும்ப ஜாருக்கு.

இப்படிச் செய்தால் 100 மி.லி.க்கு ஏறக்குறைய 14 கிராம். மீதியை ஐஸ் ட்ரேயில் உறைய வைக்கலாம். சூடாக்கும்போது ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடி, ஆவி பறக்க நன்றாகச் சூடாக்கிப் பிறகு ஆறவிட்டுச் சாப்பிடுங்கள். திறந்து வைத்துச் சூடாக்கினால் மறுபடி உலர்ந்துவிடும்.

மீன் இதைவிட எளிது, ஆனால் முள்ளைக் கைவிரலால் உதிர்த்துப் பார்த்தே எடுக்க வேண்டும். கண்ணை நம்பாதீர்கள்.

வே பவுடர்

பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதப் பொடி இது, வேளைகளுக்கு நடுவே குடிப்பதற்கு. இதில் அதிகம் சுத்திகரித்த 'ஐசோலேட்' வகையை வாங்குங்கள், 'கான்சன்ட்ரேட்' வகையில் லாக்டோஸ் (பால் சர்க்கரை) கூடுதல், ஆபரேஷனுக்குப் பின் பலருக்கு வயிறு கலக்கும். லேபிளில் ஒரு ஸ்கூப் 30 கிராமுக்குப் புரதம் 24, 25 இருக்க வேண்டும். மால்ட் கலந்த 'ஹெல்த் டிரிங்க்' இதற்கு மாற்று ஆகாது, அதில் மாவும் சர்க்கரையுமே அதிகம். கொலாஜன் பவுடரை மட்டும் நம்பவும் கூடாது: டிரிப்டோஃபேன் என்ற அவசிய அமினோ அமிலம் அதில் இல்லை.

கொதிக்கும் பாலில் போட்டால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். அரை ஸ்கூப்பை 2 ஸ்பூன் சாதாரணத் தண்ணீரில் குழைத்து, வெதுவெதுப்பான 100 மி.லி. பாலில் கலக்குங்கள்: 15 கிராம். ஷேக்கரில் குலுக்கினால் நுரை அடங்கும்வரை காத்திருங்கள். நுரையோடு உள்ளே போகும் காற்று வலிக்கும். இனிப்பே பிடிக்காமல் போனவர்கள் சுவையூட்டாத பவுடரை ஆறிய சூப்பில் கலக்கலாம்.

ஒரு நாள்

காலையில் வே பால் 15, முட்டை 10, மதியம் கோழி 14, மாலையில் துணியில் கட்டி நீர் வடித்த தயிர் 100 கிராம் 7, இரவு பருப்பும் பனீரும் 11, தூங்குமுன் மறுபடி வே பால் 15. கூட்டினால் 72. ஒரு வேளை தவறினாலும் 60-க்கு அருகில் நிற்கலாம்.

சைவம் மட்டும் என்றால் மதியக் கோழிக்குப் பதில் 80 கிராம் பனீரைச் சூடான பாலில் அரைத்துக்கொள்ளுங்கள், அதே 14 வரும். கொண்டைக்கடலை, ராஜ்மா இரண்டும் வாயு கிளப்பும். அடுத்த கட்டத்துக்கு விடுங்கள்.

சாப்பிடும் விதம்

குழந்தை ஸ்பூனில், ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. முடித்து அரை மணி நேரம் கழித்து வாய் வாயாகக் குடியுங்கள். திடீரென விக்கல், மூக்கில் நீர், நெஞ்சில் அழுத்தம் இவற்றில் ஒன்று வந்தாலும் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் மிச்சமிருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

வாந்தி ஒரு நாளுக்கு மேல் நீடித்தாலோ தண்ணீரே தங்காவிட்டாலோ, உணவை மாற்றி மாற்றிப் பார்க்காமல் ஆபரேஷன் செய்த டாக்டரை உடனே கூப்பிடுங்கள். தொடர் வாந்தியில் உடலில் தயமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம், அதைப் புரதத்தால் ஈடுகட்ட முடியாது.