கார்பன் துணி வாங்குவதற்கு முன்: கேனோப்பி சட்டத்தில் செய்யும் தவறுகள்

வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களுக்கு, விமானியின் தலைக்கு மேல் வரும் ஒளிபுகும் மூடியான கேனோப்பியின் வேலை வந்ததும் சட்டத்தைக் கார்பன் ஃபைபரில் செய்துவிடலாமா என்று ஓர் ஆசை வரும். கறுப்பு நெசவு பளபளப்பது அழகுதான். அந்தச் சட்டம் எதைத் தாங்கப்போகிறது என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

தாங்கப்போவது அக்ரிலிக்கை, அதாவது கேனோப்பியின் ஒளிபுகும் பிளாஸ்டிக்கை. ஒரு மீட்டர் அக்ரிலிக், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.07 மி.மீ. நீளும். ஒன்றரை மீட்டர் கேனோப்பி குளிர்ந்த காலையிலிருந்து உச்சிவெயிலுக்கு 40 டிகிரி சூடானால் 4 மி.மீ.க்கு மேல் நீண்டுவிடும். கார்பனோ கிட்டத்தட்ட அசையவே அசையாது. இரண்டையும் எபாக்சி என்ற கெட்டியாக இறுகும் பிசினால் ஒட்டினாலோ, திருகைப் பிடித்த பிடியில் முடுக்கினாலோ, விரிசல் திருகுத் துளையிலிருந்து கிளம்பும். துளையைத் திருகைவிடப் பெரிதாகப் போடுங்கள். ஒட்டுவதென்றால் சிகாஃப்ளெக்ஸ் மாதிரி ரப்பராக நெகிழும் பசையை, அது இழுபட இடம் இருக்கும்படி நல்ல கனத்தில் வையுங்கள்.

அடுத்தது, துணியை நனைத்து இறுகவைக்கும் பிசின். துணிக்கு அலசி ஆராய்ந்து செலவழித்துவிட்டு, எபாக்சியைக் கையில் கிடைத்ததை வாங்குவார்கள். அறை வெப்பத்தில் மட்டும் இறுகும் பல எபாக்சிகள் 60 டிகிரிக்கு அருகிலேயே இளக ஆரம்பிக்கும். வெயிலில் நிற்கும் கறுப்புப் பரப்பு அதைச் சுலபமாகத் தாண்டும். அமெரிக்க வடிவமைப்பாளர் பர்ட் ருட்டானின் லாங்-ஈஸி போன்ற, இழைத் துணியும் எபாக்சியும் கொண்டு வீட்டில் கட்டும் விமானங்கள் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இறுகிய பிறகு மறுபடி சூடேற்றிப் பதப்படுத்தக்கூடிய எபாக்சியாகப் பார்த்து வாங்கி, மேலே வெள்ளை அடியுங்கள். அப்புறம் நெசவு எங்கே தெரியும் என்கிறீர்களா? தெரியாதுதான்.

இழை போகும் திசையிலும் தவறு நடக்கிறது. ஒரே திசை இழையை நீளவாக்கில் அடுக்கினால் சட்டம் வளையாது, ஆனால் முறுகும். திறந்த கேனோப்பியின் ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், புரியும். முறுக்கைத் தாங்க 45 டிகிரி சாய்த்துப் போட்ட நெசவுத் துணி வேண்டும். வளைவுகளில் படிய, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள ட்வில் நெசவு (சாய்கோடுகளாகத் தெரியும் நெசவு) சாதா நெசவைவிட நன்றாக இணங்கும்.

கண்ணாடி இழையில் பழகிய கை ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கண்ணாடித் துணி பிசினில் நனைந்ததும் பளிங்காகிவிடும், நனையாத இடம் வெள்ளையாகக் காட்டிக்கொடுக்கும். கார்பன் நனைந்தாலும் கறுப்பு, நனையாவிட்டாலும் கறுப்பு. துணியை எடை போட்டு, கைவேலை என்றால் ஏறக்குறைய அதே எடைக்குப் பிசின் கலந்து, இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்து நனைப்பதுதான் சரி. தாளைப் புரட்டி அடிப்பக்கத்தையும் பார்க்கலாம்.

பிசின் ஊறிய நிலையிலேயே வரும் ப்ரீப்ரெக் துணியைக் கொட்டகைக்கு நான் சொல்லமாட்டேன். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரும் பெரிய சூட்டு அடுப்பும் யாரிடம் இருக்கிறது?

அலுமினியக் கீல் கார்பனை நேராகத் தொட்டால், ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கும். நடுவே ஓர் அடுக்கு கண்ணாடித் துணி போதும். ஜிபிஎஸ் ஆன்டெனாவைச் சட்டத்துக்கு அடியில் ஒளித்துவைக்கும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கார்பன் அலையை மறைத்துவிடும்.