கேப் போட்ட பல்லு மட்டும் தனியா தெரியுதா? தப்பு எங்க நடக்குதுன்னு பாருங்க

முன்பல்லுக்கு கேப், அதாவது பல்லு மேல மாட்டுற உறை, போட்டவங்க பல பேர் சொல்றது ஒண்ணுதான், சிரிச்சா அந்த ஒரு பல்லு மட்டும் தனியா தெரியுதுன்னு. உடனே டாக்டர் சரியில்ல, கேப் செஞ்ச லேப் சரியில்லன்னு கிளம்பிடுறோம். ஆனா பல தடவை விஷயம் கேப் மாட்ட பல்லை ராவுறதுக்கு முன்னாடியே கெட்டுப் போயிருக்கும்.

கலர் பாக்குறதையே எடுத்துக்கோங்க. வீட்டா (Vita) ஷேட் கைடுன்னு ஒண்ணு வச்சிருப்பாங்க, ஏ1-ல இருந்து டி4 வரைக்கும் 16 குட்டி பல்லு வரிசையா இருக்கும், அதை உங்க பல்லு பக்கத்துல வச்சு பாத்துதான் நம்பர் எழுதுவாங்க. இதை ராவுறதுக்கு முன்னாடியே பாக்கணும், ஏன்னா வாயை ரொம்ப நேரம் திறந்து வச்சிருந்தா எச்சில் காஞ்சு பல்லு இருக்குற கலரை விட வெளுப்பா தெரியும், அப்ப எடுத்த நம்பருக்கு கேப் செஞ்சா ஈரம் திரும்புனதும் பக்கத்து பல்லு பழைய கலருக்கு வந்துடும் கேப் மட்டும் வெள்ளையா நிக்கும். கலர் பாக்கப் போகும்போது லிப்ஸ்டிக் வேண்டாம், முடிஞ்சா பகல்ல போங்க, ஜன்னல் வெளிச்சத்துலயும் ஒரு தடவை பாக்க சொல்லுங்க. வெறும் நம்பர் மட்டும் போகாம போட்டோவும் லேபுக்கு போனா இன்னும் நல்லது.

பல்லை வெள்ளையாக்குற ஐடியா இருந்தா அதை முதல்ல முடிச்சுடுங்க. கேப்பும் ஃபில்லிங்கும் ப்ளீச்சுக்கு வெளுக்காது. ப்ளீச் முடிஞ்ச கையோட கேப்பை ஒட்டவும் கூடாது, 2 வாரமாவது போகணும், கலரும் செட் ஆகும் ஒட்டுறதும் நல்லா பிடிக்கும்.

அடுத்தது மெட்டீரியல், இங்கதான் காசைப் பாத்து மாட்டிக்கிறோம். உள்ள மெட்டல் மேல செராமிக் வச்ச கேப் விலை கம்மி, போட்ட புதுசுல நல்லாவும் இருக்கும், ஆனா வருஷம் போகப் போக ஈறு கொஞ்சம் இறங்குனா ஓரத்துல கருப்பா ஒரு கோடு எட்டிப் பாக்கும். சரி, மெட்டல் இல்லாத ஸிர்கோனியாங்கிற வெள்ளை செராமிக் போட்டா பிரச்சனை தீந்துச்சான்னா அதுவும் இல்ல, ஸிர்கோனியாவுலயே பல வகை இருக்கு, ரொம்ப ஸ்ட்ராங்கானது வெளிச்சத்தை உள்ள விடாது, முன்பல்லுல போட்டா சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கும். முன்னாடிக்கு வெளிச்சம் ஊடுருவுற வகை ஸிர்கோனியாவோ இ-மேக்ஸ்ங்கிற கண்ணாடி கலந்த செராமிக்கோ கேளுங்க. ஆனா ரூட் கெனால் பண்ணி உள்ள பல்லு கருத்திருந்தா, இல்ல பல்லைத் தாங்க வேருக்குள்ள மெட்டல் போஸ்ட்ங்கிற குட்டி கம்பி வச்சிருந்தா, இந்த மெல்லிசான கேப்புக்குள்ள அந்த கருப்பு நிழலா தெரியும், அதை முன்கூட்டியே டாக்டர்கிட்ட பேசிடணும், மெட்டலுக்கு பதிலா கருப்பா தெரியாத ஃபைபர் போஸ்ட்னு ஒண்ணு இருக்கு.

"பல்லை ரொம்ப ராவாதீங்க டாக்டர்"னு கெஞ்சுறவங்களும் உண்டு. பயம் நியாயம்தான், ஆனா கேப்புக்கு தேவையான இடம் விடலன்னா லேப்ல குண்டாதான் செய்ய முடியும், பல்லு தூக்கிட்டு நிக்கும், ஓரத்துல அழுக்கு சேந்து ஈறும் வீங்கும்.

வெள்ளை ஃபில்லிங் வேற கதை. அது பிளாஸ்டிக் கலந்த காம்போசிட், டீ, காபி, மஞ்சள், வெத்தலை எல்லாத்தையும் இழுக்கும், சரியா பாலிஷ் பண்ணலன்னா இன்னும் சீக்கிரம். ஓரம் பழுப்பாச்சுன்னா உடனே பேத்து எடுக்க சொல்லாதீங்க, மேலோட்டமான கறைன்னா பாலிஷ்லயே போயிடும்.

எல்லாத்தையும் விட முக்கியம், நிரந்தரமா ஒட்டுறதுக்கு முன்னாடி சும்மா மாட்டிப் பாக்குறது. கண்ணாடி வாங்கி நேரா, பக்கவாட்டுல, சிரிச்சு, பேசி பாருங்க, வீட்டு ஆள் ஒருத்தரை கூட்டிட்டுப் போங்க. பிடிக்கலன்னா அப்பவே சொல்லிடுங்க, லேபுக்கு திருப்பி அனுப்பலாம். கூச்சப்பட்டு தலையாட்டிட்டு வந்து ஒட்டுன பிறகு சொன்னா பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்கணும், புதுசுக்கு மறுபடி காசு.

கடைசி கடவாப் பல்லுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம், அங்க யாரும் பாக்கப் போறதில்ல. முழு மெட்டல் கேப்பே போட்டுக்கலாம், பல்லையும் கம்மியாதான் ராவுவாங்க.