கறுப்பு வெள்ளையில் பின்னணிதான் பாதிப் படம்

செடியில் பூத்திருக்கும் சிவப்பு ரோஜாவைப் படமெடுத்து அப்படியே கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். பளிச்சென்று தெரிந்த பூ பல நேரம் இலைகளோடு இலையாகக் கலந்து போயிருக்கும். நிறத்தில் சிவப்பும் பச்சையும் எதிரெதிர் என்றாலும் இரண்டின் வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அதனால் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடுகின்றன.

அதனால் கேமராவை மோனோக்ரோமில், அதாவது கறுப்பு வெள்ளையில் வைத்து, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) ஃபைலாக எடுங்கள். திரையில் கறுப்பு வெள்ளை தெரியும், ஃபைலில் நிறம் முழுசாக இருக்கும். கண்ணைப் பாதி மூடிப் பார்ப்பதும் நல்ல பழக்கம், நுணுக்கமெல்லாம் மங்கி எது இருட்டு எது வெளிச்சம் என்பது மட்டும் மிஞ்சும்.

அப்புறம் பின்னணி. ஆளைப் படமெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது தலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான். கருமையான முடிக்குப் பின்னால் இருட்டான கதவு இருந்தால் தலை எங்கே முடிகிறது என்றே தெரியாது. நீங்கள் பக்கவாட்டில் ஓர் எட்டு நகர்ந்து, அதே தலை வெளிச்சமான சுவருக்கு எதிரே வரும்படி செய்தால் நெற்றியோரம் பறக்கும் நாலு முடிகூடத் தனியாகத் தெரியும். இந்த ஓர் எட்டை எந்த மென்பொருளாலும் உங்களுக்காக நடக்க முடியாது. கூடவே ஃபிரேமின் நாலு மூலையையும் பாருங்கள், அங்கே ஒரு வெள்ளைத் துண்டு கிடந்தால் கண் முகத்தை விட்டுவிட்டு அங்கேதான் போகும்.

எக்ஸ்போஷரில், அதாவது படத்தில் எவ்வளவு வெளிச்சம் பதிகிறது என்பதில், ஒரு விஷயம். கேமராவின் ஒளி மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுச் சாம்பலாகவே காட்டப் பார்க்கும். அதனால் கறுப்புக் கோட்டு ஃபிரேமை நிறைத்தால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) மைனஸ் 1, வெள்ளைச் சுவர் நிறைத்தால் பிளஸ் 1 என்று வைத்துத் தொடங்குங்கள். முற்றிலும் வெளுத்துப்போன இடத்தைப் பின்னால் மீட்க முடியாது.

சரி, அந்த ரோஜா? எடிட்டிங்கில் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சத்துக்கும் தனி ஸ்லைடர் இருக்கும். சிவப்பு ஸ்லைடரை ஏற்றி, பச்சையை இறக்குங்கள், பூ இலைகளிலிருந்து பிரிந்து பளிச்சென்று தெரியும். நீலத்தை இறக்கினால் வானம் கறுக்கும், ஃபிலிம் காலத்தில் லென்ஸ் முன்னால் சிவப்பு ஃபில்டர் மாட்டிச் செய்த அதே வேலை. ஒரேயடியாக இறக்காதீர்கள், வானத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் எழும், கட்டட விளிம்புகளில் வெள்ளைக் கோடு விழும். அது தெரிந்ததும் கொஞ்சம் பின்வாங்கி அங்கேயே நிறுத்துங்கள்.