சிகரெட்டை விட்ட பிறகு மறுபடி தொடாமல் இருக்க: முதல் வாரத்திலிருந்து ஒரு வருடம் வரை

மருந்தும் ஆலோசனையும் இல்லாமல், வைராக்கியத்தை மட்டும் நம்பி சிகரெட்டை விடுபவர்களில் பெரும்பாலானோர் முதல் 8 நாட்களுக்குள் மறுபடி பற்றவைத்துவிடுகிறார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் 100 பேரில் 3 முதல் 5 பேர்தான் மிஞ்சுகிறார்கள். மற்றவர்கள் மன உறுதி இல்லாதவர்கள் என்று முடிவுகட்டுவது அநியாயம். கையில் சிகரெட்டும் பக்கத்தில் நெருப்பும் இருக்கும் நேரத்தில் 'வேண்டாம்' என்று சொல்ல எவருக்குமே கஷ்டம்தான். அதற்கு அரை மணி நேரம் முன்னால், எந்தக் கடைக்குப் போவது, யாரோடு போவது, பையில் என்ன வைத்துக்கொள்வது என்று முடிவெடுப்பது சுலபம். இந்த வழிகாட்டி முழுக்க அந்த அரை மணி நேரத்தைப் பற்றியதுதான்.

உடம்பு எப்போது எப்படி இழுக்கும்

இழுத்த புகையிலிருக்கும் நிகோடின் 10 முதல் 20 நொடிக்குள் மூளைக்குப் போய்விடும். ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். அதனால்தான் காலையில் கண் விழித்ததுமே கை பாக்கெட்டைத் தேடுகிறது. விட்ட 2ஆம், 3ஆம் நாள் உச்சம்: எரிச்சல், தூக்கமின்மை, எதிலும் மனம் ஒட்டாமை, அகோரப் பசி. பிறகு படிப்படியாக இறங்கி 2 முதல் 4 வாரத்தில் பெரும்பகுதி அடங்கிவிடும். நிகோடினுக்குப் பழகிப் பெருகிப்போன மூளையின் ஏற்பிகள் (நிகோடின் போய் ஒட்டும் இடங்கள்) பழைய நிலைக்குத் திரும்ப 6 முதல் 12 வாரம் ஆகும். ஆகவே ஒரு மாதம் தாண்டியும் திடீர் திடீரென்று இழுப்பு, அதாவது பிடிக்க வேண்டும் என்ற தவிப்பு, வந்தால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு இழுப்பும் பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடம்தான் நிற்கும். நீங்கள் பற்றவைத்தாலும் வைக்காவிட்டாலும் அது போய்விடும்.

நிறையப் பேரைத் திரும்பப் புகைக்குத் தள்ளுவதில் ஏக்கத்தோடு இந்த மூன்று உடல் தொல்லைகளுக்கும் பங்கு உண்டு. இவற்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

முதலாவது இருமல். விட்ட சில நாளில் சளியும் இருமலும் கூடும். 'குடிச்சிட்டு இருந்தப்ப நல்லாதான் இருந்தேன், விட்டதும்தான் நெஞ்சு கெட்டுப்போச்சு' என்று சொல்லித் திரும்பப் பற்றவைப்பவர்கள் உண்டு. உண்மையில், இத்தனை நாள் புகையால் முடங்கிக் கிடந்த மூச்சுக்குழாயின் நுண்ரோமங்கள் மீண்டும் வேலை செய்து, தேங்கிய சளியை மேலே தள்ளுகின்றன. சில வாரங்களில் குறையும். சளியில் ரத்தம் வந்தாலோ, 3 வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரண்டாவது மலச்சிக்கல். நிகோடின் குடலை முடுக்கிவிடும். அது நின்றதும் குடல் மந்தமாகும். 'தம் போட்டாத்தான் மோஷன் வரும்' என்பவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். விடும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே தயாராகுங்கள். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், 10 நிமிட நடை. இரவில் ஒரு வாழைப்பழம், சாப்பாட்டில் கீரையோ காயோ கூடுதலாக. போதவில்லை என்றால் படுக்குமுன் ஒரு டீஸ்பூன் இசப்கோல் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில். தண்ணீர் குறைந்தால் இசப்கோலே அடைத்துக்கொள்ளும்.

மூன்றாவது டீ, காபி. புகையிலுள்ள தார், ஈரலில் காஃபீனை வேகமாகக் கரையவைக்கிறது. புகை நின்றதும் அந்த வேகம் போய்விடும். வழக்கமாகக் குடிக்கும் அதே டீயில் காஃபீன் அளவு ரத்தத்தில் இருமடங்கு வரை ஏறலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை எல்லாம் வரும். அதைச் சிகரெட் இல்லாததால் வந்த பதற்றம் என்று நினைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். விட்ட நாளிலிருந்து டீ, காபியைப் பாதியாக்குங்கள். மாலை 4 மணிக்கு மேல் வேண்டாம். இதே காரணத்தால் தியோஃபிலின், கிளோசபின், ஒலான்சபின் போன்ற மாத்திரை எடுப்பவர்களும், வேறு காரணத்தால் இன்சுலின் போடுபவர்களும், விடப்போவதை முன்னதாகவே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

டீக்கடையில் என்ன நடக்கிறது

வீட்டில் பாக்கெட் இல்லை, லைட்டரைத் தூக்கிப் போட்டாயிற்று, ஆஷ்ட்ரே குப்பைக்குப் போயாயிற்று. ஆனால் 11 மணிக்கு ஆபீசுக்கு வெளியே டீக்கடை இருக்கிறது. அங்கே பாக்கெட் வாங்கத் தேவையில்லை, ஒற்றை சிகரெட் கிடைக்கும். தூணில் கயிறு கட்டித் தொங்கும் லைட்டர் கடையுடையது. கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே வழக்கமான பிராண்டை உருவி டீ கிளாஸ் பக்கத்தில் வைப்பார். இங்கே நீங்கள் முடிவெடுப்பதற்கே இடமில்லை. 'வேண்டாம்' என்று சொல்லத்தான் முயற்சி தேவைப்படுகிறது, பற்றவைக்க எதுவுமே தேவைப்படவில்லை.

அதனால் முதல் 3 வாரம் அந்தக் கடையை விட்டுவிடுங்கள். டீ வேண்டுமென்றால் பார்சல் வாங்கி மேலே குடியுங்கள், அல்லது சிகரெட் விற்காத கடையைப் பாருங்கள். திரும்பப் போகும் முதல் நாள் கடைக்காரரிடம் 'அண்ணே, நான் விட்டுட்டேன், நான் கேட்டாலும் எனக்குக் குடுக்காதீங்க' என்று சொல்லிவிடுங்கள். அவர் நிச்சயம் மறந்துபோவார். ஆனால் நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்ட பிறகு கை நீட்டக் கூச்சமாக இருக்கும். கூட வருபவர் 'வாடா, ஒரு தம் போட்டுட்டு வரலாம்' என்றால், காரணம் சொல்லி வாதாடாதீர்கள். 'விட்டுட்டேன்டா, நீ போய்ட்டு வா' என்ற ஒரு வரி போதும். 'குறைச்சிட்டேன்' என்று மட்டும் சொல்லக் கூடாது. குறைத்தவருக்கு ஒன்று நீட்டலாம் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

டீக்கடையைப் போல உங்களுக்கென்று இன்னும் நாலைந்து இடங்கள் இருக்கும். சாப்பிட்டு முடித்த நேரம், பஸ் ஹைவே ஓட்டலில் நிற்கும் 15 நிமிடம், ராத்திரி ஷிஃப்ட், வீட்டில் வாக்குவாதம் முடிந்து வாசலுக்கு வரும் நேரம். விடுவதற்கு முன் மூன்று நாள், ஒவ்வொரு சிகரெட்டுக்கும் மணி, இடம், பக்கத்தில் யார், மனநிலை என்ன என்று போனில் குறித்து வையுங்கள். மூன்றாம் நாள் பார்த்தால் பாதிக்கு மேல் அதே சில இடங்களில்தான் விழுந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த நேரத்தில் செய்யப்போகும் ஒரே ஒரு காரியத்தை எழுதுங்கள். 'மனசைக் கட்டுப்படுத்துவேன்' என்பது காரியம் அல்ல. 'சாப்பிட்டதும் எழுந்து பல் தேய்ப்பேன்', 'பஸ் நிற்கும்போது இறங்காமல் தங்கைக்கு போன் போடுவேன்' என்பவை காரியங்கள்.

இழுப்பு வந்தேவிட்டால்: நின்ற இடத்தை விட்டு நகருங்கள், மணி பாருங்கள், 4 எண்ணிக்கையில் மூச்சை இழுத்து 6 எண்ணிக்கையில் விடுங்கள், பத்து முறை. பிறகு தண்ணீரை வாய் வாயாகக் குடியுங்கள். வாய்க்குக் கிராம்பு, ஏலக்காய், சோம்பு வைத்துக்கொள்ளலாம். பாக்கு வேண்டவே வேண்டாம். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புற்றுநோய்க் காரணி என்று 2004இல் வகைப்படுத்திவிட்டது. வாயில் அதக்கும் புகையிலைப் பொட்டலங்களுக்கு மாறுவது நிகோடினை விடுவது ஆகாது. இ-சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடை.

நிகோடின் சூயிங்கம்: தப்பாக மென்றால் பலன் இல்லை

'கம் போட்டும் பார்த்தேன், வேலைக்காகல' என்பவர்களில் பலர் அதைச் சாதாரண பபிள்கம் போல மென்று எச்சிலை விழுங்கியவர்கள். நிகோடின் வாயின் உட்புறத் தோல் வழியாக ஏற வேண்டும். வயிற்றுக்குப் போனால் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல்தான் மிச்சம்.

மெதுவாக மெல்லுங்கள். நாக்கில் காரமோ சுறுசுறுப்போ தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். அந்த உணர்வு போனதும் மறுபடி சில முறை மென்று வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு கம் 30 நிமிடம். அதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காபி, ஜூஸ், கூல்டிரிங்க்ஸ் எதுவும் கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிகோடின் ஏறாது. டீ குடித்த கையோடு கம் போடுவதுதான் நம் ஊரில் அடிக்கடி நடக்கும் தவறு.

எழுந்து 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பிடிப்பவராக இருந்தால் 4 மில்லிகிராம், இல்லையென்றால் 2 மில்லிகிராம். 2 மில்லிகிராம் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் கிடைக்கும். 4க்கு மருத்துவர் சீட்டு வேண்டும். முதல் 6 வாரம் 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒன்று, அடுத்த 3 வாரம் 2 முதல் 4 மணிக்கு ஒன்று, அதற்கடுத்த 3 வாரம் 4 முதல் 8 மணிக்கு ஒன்று. இழுப்பு வரும்வரை காத்திருக்காமல் மணி பார்த்துப் போடுங்கள். 'இனி தேவையில்லை' என்று மூன்றாம் வாரமே நிறுத்துவது பெரிய ஆபத்து. அதிகம் பிடித்தவர்களுக்கு தோலில் நாள் முழுக்க ஒட்டியிருக்கும் நிகோடின் பேட்சும், இழுப்புக்குக் கம்மும் சேர்ந்தால் ஒன்றை மட்டும் போடுவதைவிட நன்றாக வேலை செய்யும். வரெனிக்லின், பூப்ரோபியான் மாத்திரைகளை மருத்துவர் மட்டுமே தர வேண்டும். கர்ப்பிணிகளும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கம்மையும் பேட்சையும்கூடக் கேட்காமல் தொடாதீர்கள்.

குடி

மது உள்ளே போனதும், எழுதி வைத்த திட்டம் எல்லாம் காணாமல் போகும். எதிரே இருப்பவர் கையில் சிகரெட் வேறு இருக்கும். முதல் ஒரு மாதம் குடி கூட்டத்துக்குப் போகாதீர்கள். இதில் நடுவழி எதுவும் எங்களுக்குத் தெரிந்து பலித்ததில்லை. தினமும் நிறையக் குடிப்பவர் மட்டும் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்புவரை போகலாம். மருத்துவர் துணையோடு நிறுத்த வேண்டும்.

ஒன்று பிடித்துவிட்டால்

சறுக்கியதற்கும் பழையபடி ஆவதற்கும் நடுவில் ஒரு நாள் இருக்கிறது. 'சரி, கெட்டுது போ, இன்னிக்கு முழுக்கப் பிடிச்சிட்டு திங்கக்கிழமைலேர்ந்து விட்டுக்கலாம்' என்ற நினைப்பு அந்த நாளில்தான் வரும். உளவியலாளர் ஆலன் மார்லட் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியது இதைத்தான்: 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற குற்ற உணர்ச்சி, ஒரு சறுக்கலை முழுத் தோல்வியாக்கிவிடும்.

1. பாதியில் இருந்தால் அந்தப் பாதியிலேயே அணையுங்கள். மிச்சம் இருந்தால் தண்ணீரில் நனைத்துப் போடுங்கள். பாக்கெட் வாங்காதீர்கள்.
2. பேட்ச் ஒட்டியிருந்தால் ஒரு சிகரெட்டுக்காக அதைப் பிய்க்க வேண்டாம். கம் அட்டவணையும் அப்படியே ஓடட்டும்.
3. மணி, இடம், யார் நீட்டினார்கள், அதற்கு அரை மணி முன்னால் என்ன நடந்தது என்று எழுதுங்கள். கோபமா, பசியா, தூக்கக் கலக்கமா? பட்டியலில் இல்லாத இடம் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.
4. அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். மறைத்த சிகரெட்டுக்கு அடுத்தது சீக்கிரம் வரும்.
5. மறுநாள் அதே மணிக்கு இழுப்பு வரும் என்று எதிர்பார்த்து, அதற்கு 20 நிமிடம் முன்பே கம் போடுங்கள். வேறு இடத்தில் இருங்கள்.

பேச ஆள் இல்லையென்றால் தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356. சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும். கட்டணம் இல்லை, திங்கள் தவிர மற்ற நாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வாயை மோந்து பார்ப்பதும், 'எனக்கு அப்பவே தெரியும்' என்பதும் அவரை மறைக்கப் பழக்கும். 'எத்தனை மணிக்கு வந்துச்சு, அப்ப எங்க இருந்தீங்க?' என்று கேளுங்கள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு

ஒரு வருடம் தொடாமல் இருந்தவர்களிலும், அதற்குப் பிறகு வருடத்துக்கு சுமார் 10 சதவீதம் பேர் திரும்பப் போகிறார்கள். அப்போது உடம்பு இழுப்பதில்லை. 'ஒண்ணே ஒண்ணு, நம்மால கட்டுப்படுத்த முடியும்' என்ற தைரியமும், திடீரென்று வரும் பெரிய நிகழ்வும்தான் காரணம். எடை கூடியதும் ஒரு சாக்காகும். விட்ட முதல் வருடத்தில் சராசரியாக 4, 5 கிலோ ஏறும். டயட்டையும் சிகரெட்டை விடுவதையும் ஒரே வாரத்தில் ஆரம்பிக்காமல் மூன்று மாதம் கழித்து எடையைக் கவனியுங்கள்.

துக்க வீட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்கப் பந்தலில் ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள், தூக்கம் இருக்காது, மணிக்கொரு தரம் கறுப்பு டீ வரும், தட்டில் பீடியும் சிகரெட்டும் வைத்து நீட்டுவார்கள், மறுப்பது மரியாதை இல்லை என்று தோன்றும். பல வருடம் விட்டவர்களும் அங்கே பற்றவைக்கிறார்கள். செய்தி வந்து கிளம்பும்போதே பையில் ஒரு கம் அட்டையும் ஏலக்காயும் போட்டுக்கொள்ளுங்கள். தட்டு வரும்போது ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு தட்டைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நள்ளிரவுக்கு மேல் பந்தலில் சும்மா உட்காராமல், ஆட்களுக்குப் போன் போடுவது, வருபவர்களுக்கு வழி சொல்வது, ஐஸ் பெட்டிக்கு ஆள் பார்ப்பது என்று ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சவ ஊர்வலம் முடிந்து குளித்துச் சாப்பிட்டு, 6 மணி நேரமாவது தூங்கும்வரை புகைக்கும் நண்பர்களோடு தனியாக வண்டியில் ஏறாதீர்கள்.